சமாதானத்திற்கும் ஒரு வக்து உண்டு

கான் அப்துல் கஃப்பார் கான் (1890 – 1988) வாழ்வு தரும் பாடம்

ஐவேளை ஃபர்ளுத் தொழுகையை நிறைவேற்றும் ஒரு முஸ்லிம், அவற்றின் முடிவில் மட்டும் நாளொன்றுக்குப் பத்து முறை ஸலாம் கூறுகிறார். வலப்புறம் ஐந்து, இடப்புறம் ஐந்து. அவ்வாறு கூறும்போது இருபுறமும் உள்ள மலக்குகளையும், ஜமாஅத்தில் உடன் நிற்கும் முஃமின்களையும் மனத்தில் நிய்யத்தாகக் கொள்ள வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் நமக்குக் கற்பிக்கின்றன. ஆக, அந்த ஸலாம் காற்றோடு போகும் சொல் அன்று. பக்கத்தில் இருப்பவருக்காக அல்லாஹ்விடம் நாம் கேட்கும் அமைதி அது.

இமாமத்துப் பணியில் இருப்பவர்கள் தொழுகை முடிந்து ஜமாஅத்தை நோக்கித் திரும்பி உட்காரும்போது எல்லா ஊர்களிலும் காணும் காட்சி ஒன்று உண்டு. ஒரே ஸஃப்பில் அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் உரச அமர்ந்திருப்பார்கள். தந்தையார் விட்டுச் சென்ற டேனரியைப் பாகம் பிரித்தபோது ஏற்பட்ட மனத்தாங்கல். பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அண்ணன் வலப்புறம் கூறிய ஸலாம் தம்பியின் மீது விழுந்தது. தம்பி இடப்புறம் கூறிய ஸலாம் அண்ணன் மீது விழுந்தது. ஆனால் எழுந்து செருப்பை மாட்டியதும் இவர் ஒரு தெரு, அவர் ஒரு தெரு.

எப்போது சமாதானம் ஆவீர்கள் என்று தனித்தனியே கேட்டால், வேண்டாம் என்று இருவருமே சொல்வதில்லை. பெருநாள் வரட்டும் என்பார் ஒருவர். மகளுடைய நிக்காஹ் வரட்டும் என்பார் மற்றவர். ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கொள்வோமே என்பதும் உண்டு. சமாதானத்தின் மீது எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. அதற்கு நாள்தான் குறிக்கப்படவில்லை. வக்து குறிக்கப்படாத அமல் நாளைக்கு என்று தள்ளிப்போகும். நாளை என்பது மௌத்து வரை நீளும்.

தொழுகைக்கு அல்லாஹ் வக்து குறித்தான். அதனால்தான் அது உம்மத்தின் வாழ்வில் நிலைத்தது. அதுபோலச் சமாதானத்திற்கும் நாள்தோறும் நேரம் குறித்து, அதை ஓர் அமலாக்கி, ஒரு சமுதாயத்தையே அதில் பழக்கிய ஒரு முஸ்லிமின் வாழ்வை இங்கே சிந்திப்போம். அவர் பிறந்தது நம் பகுதியிலிருந்து வெகு தொலைவில், கைபர் கணவாயை அடுத்த எல்லைப்புறத்தில். ஆயினும் அவருடைய தொண்டர்கள் அணிந்த உடையின் நிறம் வந்தது ஒரு தோல் பதனிடும் இடத்திலிருந்து. அதைப் பின்னர் காண்போம்.

பழிவாங்காத தந்தையின் மகன்

கான் அப்துல் கஃப்பார் கான் 1890ஆம் ஆண்டு, பெஷாவருக்கு அருகில் உள்ள உத்மான்ஸை என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தையார் பஹ்ராம் கான் நிலபுலன்களும் ஊரில் செல்வாக்கும் உடையவர். தாயார் தொழுகையிலும் ஏழைகளுக்கு உணவளிப்பதிலும் நாட்டம் கொண்ட பக்திமிக்க பெண்மணி.

அந்த நாட்டுப் பட்டாணியரிடையே 'பதல்' என்றொரு வழக்கம் வேரூன்றியிருந்தது. நம் ஊர் உருதுவில் 'பத்லா' என்கிறோமே, அதே பொருள்தான்: பழிக்குப் பழி. பாட்டன் காலத்தில் ஒரு வரப்புத் தகராறில் விழுந்த கொலைக்குப் பேரன் காலத்தில் பழி தீர்ப்பார்கள். அதற்கு அடுத்த தலைமுறையில் மறுபழி. ஆண்பிள்ளைகள் துப்பாக்கி இல்லாமல் வயலுக்குப் போகாத கிராமங்கள் இருந்தன. விருந்தினரை உயிரைக் கொடுத்துப் பேணும் உயர்ந்த பண்பும், அடைக்கலம் என்று வந்தவரைக் காக்கும் மாண்பும் உடைய மக்கள்தாம் அவர்கள். ஆனால் இந்தப் பதல் அவர்களைத் தின்று கொண்டிருந்தது. பஹ்ராம் கான் இதிலிருந்து விலகி நின்றவர். தம் பகைவர்களை மன்னித்து, யாரோடும் பழி பாக்கி இல்லாதவராக வாழ்ந்தவர் என்று அவரைப் பற்றிக் கூறப்படுகிறது. பள்ளிக்கூடம் போகுமுன்னே மகன் படித்த முதல் பாடம் அது.

அவருக்கு இடப்பட்ட பெயரையும் கவனிக்க வேண்டும். அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்றான 'அல் கஃப்பார்' என்பதற்கு, மீண்டும் மீண்டும் மன்னித்துக் கொண்டே இருப்பவன் என்பது பொருள். ஒரு தடவை மன்னித்து ஓய்பவனுக்கு அரபு மொழியில் வேறு சொல் உண்டு. ஒரு செயலை ஓயாமல் செய்பவரைக் குறிக்க அரபியில் இந்த வார்ப்பைப் பயன்படுத்துவார்கள். தச்சருக்கு நஜ்ஜார், தையற்காரருக்கு கய்யாத், தோல் பதனிடுபவருக்கு தப்பாக் என்பனவும் இதே வார்ப்பில் அமைந்த சொற்களே. ஒரே ஒரு நாள் தோலைத் தொட்டவனை யாரும் தப்பாக் என்று சொல்வதில்லை. அன்றாடம் அதில் கைவைப்பவனே தப்பாக். மன்னிப்பும் அவ்வாறே அன்றாடக் காரியம் என்பதை இந்தத் திருநாமம் நமக்கு உணர்த்துகிறது. அந்த ரப்பின் அடிமை என்று பெயர் பெற்றவர், பெயருக்கேற்ப வாழ முயன்றார்.

பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பணி

பெஷாவரில் மிஷன் பள்ளியில் படித்தார். நல்ல உயரமும் உடற்கட்டும் உள்ள இளைஞர். ஆங்கிலேய இராணுவத்தின் புகழ்பெற்ற படைப்பிரிவில் அதிகாரிப் பதவி கிடைக்க இருந்தது. தம் நண்பரான ஓர் இந்திய அதிகாரியை ஒரு வெள்ளைக்காரர் அவமதித்ததைக் கண்ணால் கண்டதும் அந்தப் பதவியே வேண்டாம் என்று விட்டுவிட்டார். சிறிது காலம் அலிகாரில் படித்தார். மூத்த சகோதரரைப் போல மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல வழி திறந்தபோது தாயார் சம்மதிக்கவில்லை. தாயின் மனத்தை நோகடித்துவிட்டுக் கப்பல் ஏறவும் அவர் துணியவில்லை, ஊரிலேயே தங்கினார்.

1910இல், தமது இருபதாவது வயதில், உத்மான்ஸையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்த நாளில் எல்லைப்புறத்தில் மதிப்புமிக்க மார்க்கப் பெரியாராக விளங்கிய துரங்ஸை ஹாஜி சாஹிப் அவர்கள் இப்பணியில் துணை நின்றார்கள். பிள்ளைகள் எழுத்தறிந்தால் மார்க்கம் கெடும் என்று எதிர்த்த முல்லாக்களும் அங்கே இருந்தார்கள் என்பதை, ஆலிம்களின் வரிசையில் நிற்கும் நான் மறைக்கக்கூடாது. கல்வியை ஆதரித்தவரும் ஆலிம். தடுத்தவரும் ஆலிம் என்ற பெயர் தாங்கியவர். மறுமையில் இரண்டு பேரும் கேள்வி கேட்கப்படுவார்கள்.

1915இல் ஹாஜி சாஹிப் அவர்கள் மலைநாட்டுக்குச் சென்று ஆங்கிலேயருக்கு எதிராக ஆயுதம் ஏந்தினார்கள். அரசாங்கம் பள்ளிகளை மூடியது. ஒன்றாகப் பணி தொடங்கிய இருவரின் பாதைகள் இங்கே பிரிகின்றன. துப்பாக்கி தூக்குவது பட்டாணியருக்குப் பழக்கமான பாதை. கஃப்பார் கானோ மற்றொன்றைத் தேர்ந்தார். கிராமம் கிராமமாக நடந்தார். 1918 வரையிலான அந்த மூன்றாண்டுகளில் அவர் கால் படாத கிராமம் அரிது. ஏறத்தாழ ஐந்நூறு கிராமங்கள் என்பார்கள். ஹுஜ்ராக்களில் அமர்ந்து பேசினார்; பள்ளி திறக்கச் சொன்னார்; பழைய பகைகளைத் தீர்த்துக்கொள்ளச் சொன்னார். மக்கள் அன்பு மிகுந்து அவரைப் பாதுஷா கான் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் கூட்டம் நடத்தியதற்காகச் சிறைப்பட்டார். அவருடைய பருத்த கால்களுக்குப் போதுமான விலங்கு சிறையில் இல்லை. இருந்ததையே நெருக்கிப் பூட்டினார்கள், சதை கிழிந்தது. கிலாஃபத் இயக்கத்தில் பங்கேற்று, 1921இல் சீர்திருத்தச் சங்கம் ஒன்றையும் உத்மான்ஸையில் மீண்டும் ஒரு பள்ளியையும் அமைத்தார். அதற்கு மூன்றாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. தனிக் கொட்டடியில் அடைத்து, எந்திரத்தில் தானியம் அரைக்க வைத்தார்கள். 1924இல் வெளியே வந்தவர் எவர்மீதும் வஞ்சம் வைக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தார்.

1926இல் ஹஜ்ஜுக்குச் சென்றார். பயணத்தின்போது பைத்துல் முகத்தஸில் அவருடைய துணைவியார் படிக்கட்டில் தவறி விழுந்து வஃபாத்தானார்கள். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மீதி வாழ்நாள் முழுவதும் கித்மத்துக்கே என்று ஆயிற்று. 1928இல் 'பக்தூன்' என்ற மாத இதழைத் தம் தாய்மொழியில் தொடங்கினார். பெண்கள் அதில் எழுதினார்கள். படித்த தாய் இல்லாத வீட்டில் பழியுணர்ச்சியே பிள்ளைக்குத் தாலாட்டாகும் என்பதை உணர்ந்தவராதலால், பெண் கல்வியை அவர் விடாமல் வலியுறுத்தினார்.

இரண்டு மணி நேரத்து அமல்

1929ஆம் ஆண்டின் இறுதியில் 'குதாயீ கித்மத்கார்' என்ற தொண்டர் அமைப்பை நிறுவினார். கித்மத் என்பது நம் வீடுகளில் புழங்கும் சொல்தான். இறைவனுக்கு ஊழியம் செய்பவர்கள் என்று பொருள். இறைவனோ தேவையற்றவன். ஆகவே அவனுடைய படைப்புகளுக்குச் செய்வதே அவனுக்குச் செய்யும் ஊழியம் என்பது அவர் அளித்த விளக்கம்.

சேருகிறவர் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். அடாத செயலில் இறங்குவதில்லை; பழி வாங்குவதில்லை; கொடுமை செய்தவரை மன்னிப்பது; கட்சி கட்டிச் சண்டையிடுவதில்லை; எளிமையாக வாழ்வது; வீண் வழக்கங்களை விடுவது. இவை யாவும் சத்தியத்தில் அடங்கும். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. நம் கவனத்தை ஈர்க்க வேண்டியது அதுவே: நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் பொதுப்பணி செய்ய வேண்டும்.

இந்த இரண்டு மணி நேரத்தில் அவர்கள் செய்தது என்ன? தெருவைக் கூட்டினார்கள். நூல் நூற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கிராமத்தில் சச்சரவு எழுந்தால் போய் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். தடி கூடக் கையில் இல்லாமல் அணிவகுத்து நடக்கப் பயின்றார்கள். நேற்று வரை எவனைக் கண்டால் சுடவேண்டும் என்றிருந்தானோ, அவன் வீட்டு வாசலை இன்று கூட்டுகிறான். முதல் நாள் கை நடுங்கும். இரண்டாம் நாள் மனம் கூசும். நாற்பதாம் நாள் பகையே மறந்து போகும். பகையை மறந்துவிடு என்று உபதேசம் செய்வது எளிது. மறப்பதற்கு ஒரு வேலையையும் ஒரு நேரத்தையும் கொடுத்தவர் இவர்.

இனி அந்த உடையின் செய்திக்கு வருவோம். தொடக்கத்தில் தொண்டர்கள் வெள்ளை உடையே அணிந்தார்கள். அது சீக்கிரம் அழுக்கடைந்தது. சிலர் தங்கள் உடைகளை உள்ளூரில் தோல் பதனிடும் இடத்துக்கு எடுத்துச் சென்று, அங்கிருந்த சாயத்தில் முக்கியெடுத்தார்கள். செங்கல் நிறம் ஏறியது. அதுவே சீருடையாயிற்று. செஞ்சட்டைக்காரர்கள் என்று உலகம் அவர்களை அழைத்ததற்குக் காரணம் இதுதான்.

அந்த நிறம் நமக்குப் புதிதன்று. குரோமும் சுழலும் பீப்பாய்களும் வருவதற்கு முன்பு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நின்ற பெரியவர்களின் கைகளில் அத்தகைய நிறம் ஏறியிருக்கும். அவர்களுக்குத் தொழில் இரகசியம் ஒன்று தெரியும். பச்சைத் தோலை எடுத்த எடுப்பிலேயே கடுமையான பட்டைத் தண்ணீரில் போடக்கூடாது. போட்டால் மேற்புறம் இறுகிவிடும். உள்ளே பச்சையாகவே இருந்து கெட்டுப்போகும். முதலில் இலேசான தண்ணீர். பிறகு சற்றுக் கனமானது. பிறகு அதனினும் கனமானது என்று நாள் கணக்கில் மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் சாரம் உள்ளே இறங்கும். மனித மனமும் அப்படித்தான். பெரிய அநியாயத்தைப் பொறுக்கும் ஸப்ரு ஒரே நாளில் வருவதில்லை. சிறிய மன்னிப்புகளில் நாள்தோறும் ஊறிய மனத்துக்கே அது கைகூடும்.

கிஸ்ஸா க்வானி கடைவீதி

சோதனை விரைவில் வந்தது. 1930 ஏப்ரல் 23 அன்று பாதுஷா கான் கைது செய்யப்பட்டார். பெஷாவரின் கிஸ்ஸா க்வானி கடைவீதியில் மக்கள் திரண்டார்கள். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்தன, மக்கள் நசுங்கினார்கள். துப்பாக்கிச் சூடு தொடங்கியது. முன்வரிசை விழ, அடுத்த வரிசை அவ்விடத்துக்கு வந்து நின்றது. அரசாங்கம் சொன்ன சாவுக் கணக்கும் மக்கள் சொன்ன கணக்கும் வெகுவாக வேறுபடுகின்றன. மக்கள் கணக்கு நூற்றுக்கணக்கில் போகிறது. கூட்டத்தில் இருந்த எல்லோரும் பயிற்சி பெற்ற கித்மத்கார்கள் அல்லர் என்பதையும், ஒரு கவச வண்டிக்குத் தீ வைக்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருந்த ஒரு சமுதாயம், அந்த நாளில் அதை எடுத்துக்கொண்டு வரவில்லை. நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்று கார்வாலிப் படைப்பிரிவைச் சேர்ந்த ஹிந்து சிப்பாய்கள் மறுத்துவிட்டார்கள். சந்திரசிங் கார்வாலி என்பவர் தலைமையில் மறுத்த அவர்கள் இராணுவ நீதிமன்றத்தில் கடுந்தண்டனை பெற்றார்கள். எதிரே கை ஓங்காமல் நின்றவர்களின் பொறுமை, துப்பாக்கி பிடித்த கையையும் தடுத்தது.

பின்னர் அடக்குமுறை நீண்டது. தொண்டர்களின் செஞ்சட்டைகளைக் களைந்து அடித்தார்கள், குளிர்காலத்தில் தண்ணீரில் தள்ளினார்கள், வீடுகளை எரித்தார்கள். எனினும் சில ஆயிரமாக இருந்த தொண்டர்கள் ஓர் இலட்சமாகப் பெருகினார்கள் என்று கூறப்படுகிறது.

இங்கே நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2015 ஜூன் மாதம், காவல்துறை விசாரணைக்குப் பின் மருத்துவமனையில் இறந்து போன ஓர் இளைஞருக்காக ஆம்பூர் கொதித்தது. நீதி கேட்டது சரியே. கேட்காமல் இருந்திருந்தால்தான் குற்றம். ஆனால் ஜூன் 27ஆம் தேதி இரவில் அந்தக் கோபம் கல்லாகவும் தீயாகவும் மாறியது. வாகனங்கள் எரிந்தன, காவலர்கள் காயமுற்றார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் சிறைக்குப் போனார்கள். எத்தனையோ தாய்மார்கள் நீதிமன்ற வாசலில் ஆண்டுக்கணக்கில் காத்து நின்றார்கள். இறந்தவருக்கான நீதியைப் பற்றிய பேச்சு மங்கியது. எரிந்த வாகனங்களைப் பற்றிய பேச்சே ஓங்கியது.

அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். அன்று இரவு ஸப்ரு செய்யுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னாலும் அவர்களால் அதைச் செய்ய முடிந்திருக்காது. ஏனெனில் அதற்கு முந்திய நாள்களில் நாம் அவர்களை அதில் பழக்கவில்லை. நீச்சல் தெரியாதவனைப் பாலாற்று வெள்ளத்தில் இறக்கிவிட்டு, நீந்து நீந்து என்று கரையில் நின்று கூவுவதால் என்ன பயன்?

இது மார்க்கத்தின் பாதையா?

இவரை எல்லைக் காந்தி என்று அழைத்தார்கள். அதைக் கேட்டு, இது காந்தியாரிடம் இரவல் வாங்கிய கொள்கை என்று எண்ணுவோர் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. காந்தியாரோடு நெருங்கிப் பழகுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, 1910லேயே, அவருடைய பணி தொடங்கிவிட்டது. காந்தியாரிடம் அவர் கொண்ட அன்பு மெய்யானது. ஆனால் தம் பாதையின் மூலம் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் மக்கா வாழ்வே என்று அவர் கருதினார். பதின்மூன்று ஆண்டுகள் அடியும் வசையும் பட்டும் திருப்பிக் கை ஓங்காமல் நின்ற ஸஹாபாக்களின் ஸப்ரையும் தக்வாவையுமே தம் தொண்டர்களுக்குரிய ஆயுதமாக எடுத்துரைத்தார்.

தன் மீது கை நீட்டிய சகோதரன் மீது தான் கை நீட்டமாட்டேன் என்று நின்ற ஆதம் (அலை) அவர்களின் மகனைப் பற்றி ஸூரத்துல் மாயிதா பேசுகிறது. தீமையை அதைவிட அழகியதைக் கொண்டு தடுத்தால் பகைவனும் உற்ற நண்பனாவான் என்ற கருத்தை ஸூரா ஃபுஸ்ஸிலத் தருகிறது. கிஸாஸ் ஷரீஅத்தில் உள்ள உரிமைதானே என்று கேட்கலாம். ஆம், அது காழியின் தீர்ப்பின் வழியாகப் பெறும் உரிமை. தானே துப்பாக்கியைத் தூக்கும் அனுமதியன்று. அந்த உரிமை இருக்கும்போதும் மன்னிப்பவருக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு என்று அதே குர்ஆன் கூறுகிறது. ஹிஜ்ரி 8இல் மக்காவை வென்ற நாளில், பழிவாங்க முழு வலிமையும் பெற்ற நிலையில், நாயகம் (ஸல்) அவர்கள் பொதுமன்னிப்பு வழங்கினார்கள். மக்காவில் பதின்மூன்று ஆண்டுகள் பயின்ற பொறுமை, அந்த ஒரு நாளில் உலகறிய வெளிப்பட்டது.

கொள்கையில் உறுதி

பின்னைய வாழ்வு பெரும்பாலும் சிறைக் கதையே. 1931 டிசம்பரில் மீண்டும் கைது, ஹஸாரிபாக் சிறை, விடுதலைக்குப் பின் சொந்த மாகாணத்தில் நுழையத் தடை, மறுபடி சிறை. 1934இல் காங்கிரஸ் தலைமைப் பதவி தேடி வந்தபோது, தாம் ஓர் ஊழியன் மட்டுமே என்று மறுத்தார். 1940இல் உலகப் போரில் நிபந்தனையோடு ஒத்துழைக்கக் காங்கிரஸ் முன்வந்தபோது, அகிம்சை தமக்கு அரசியல் தந்திரமன்று என்று காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். 1942இல் காவலர்கள் அடித்ததில் விலா எலும்புகள் முறிந்தன. 1947இல் பீஹாரில் கலவரத்தால் பாதிக்கப்பட்ட முஸ்லிம் கிராமங்களுக்குச் சென்று ஆறுதல் கூறினார்.

பிரிவினையை அவர் எதிர்த்தார். நம் பாட்டனார்கள் காலத்தில் வேலூர், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதியில் முஸ்லிம் லீகின் பச்சைக்கொடி ஓங்கிப் பறந்தது. அன்று அவரை எதிரணிக்காரராகவே பலர் பார்த்தார்கள். அந்த அரசியல் வழக்கை இங்கே விசாரிக்க வேண்டியதில்லை. நாடு பிரிந்த பின் 1948 பிப்ரவரியில் பாகிஸ்தானுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அப்படியும் அதே ஆண்டு ஜூனில் சிறை; 1954 வரை அது நீடித்தது. குதாயீ கித்மத்கார் அமைப்பும் தடை செய்யப்பட்டது. மீண்டும் மீண்டும் சிறை. 1964இலிருந்து ஆப்கானிஸ்தானில் வாழ்வு. ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறையில் கழிந்தது. ஆங்கிலேயன் பூட்டிய விலங்கைப் பொறுப்பது ஒரு வகை. தன் மார்க்கத்துச் சகோதரன் பூட்டிய விலங்கையும் பொறுத்து, பழி நினைக்காமல் இருப்பது அதனினும் கடினம்.

1969இல், எழுபத்தொன்பதாம் வயதில், காந்தி நூற்றாண்டையொட்டி இந்தியா வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. அதையும் தாமே சுமந்தார். அந்தச் செப்டம்பரில்தான் அஹ்மதாபாத்தில் பெருங்கலவரம் நடந்து பல நூறு பேர் மடிந்திருந்தார்கள். விருந்துகளுக்கும் பாராட்டுகளுக்கும் முன்னதாக, மூன்று நாள் உண்ணா நோன்பு இருந்தார். அஹ்மதாபாத் சென்று மக்களைச் சந்தித்தார். நாடாளுமன்றத்தில் பேசியபோது, அழைத்தவர்களைப் புகழாமல், அவர்களுடைய குறைகளை நேராகவே சுட்டிக் காட்டினார். சமாதானம் என்பது வாய்மூடி இருப்பதன்று என்பதற்கு இது சான்று.

1972இல் பாகிஸ்தான் திரும்பினார். 1987இல் இந்தியா அவருக்குப் பாரத ரத்னா வழங்கியது. 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் காலமானார். அவருடைய விருப்பப்படி ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அங்கே போர் நடந்து கொண்டிருந்த காலம் அது. ஜனாஸாவுக்காகப் போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. கைபர் கணவாய் வழியாகப் பல்லாயிரம் பேர் எல்லை கடந்து சென்றார்கள். ஆயினும் அங்கேயும் குண்டு வெடித்துச் சிலர் உயிர் இழந்தார்கள்.

தோற்றவரா?

அவருடைய மண்ணில் பின்னரும் துப்பாக்கி ஓயவில்லை. அமைப்பு தடைப்பட்டது. அப்படியானால் அவர் தோற்றவர்தானே என்று சிலர் கேட்கலாம். சமாதானத்தைத் தொலைவில் உள்ள ஓர் ஊராக எண்ணினால், அவர் போய்ச் சேரவில்லைதான். ஆனால் தொழுகையாளி ஒருவர், ஊர் முழுதும் தொழாததால் என் தொழுகை வீண் என்று சொல்வாரா? அவரவர் வக்தில் அவரவர் தொழுததே கணக்கு. சமாதானமும் அவ்வாறே. பழி வாங்காமல் கழிந்த ஒவ்வொரு நாளும் நிறைவேறிய ஓர் அமல். மீதி அல்லாஹ்வின் கையில்.

ஆகவே அன்புச் சகோதரர்களே, தாய்மார்களே! இரண்டு மணி நேரம் நமக்கு இயலாவிட்டால் இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் குறிப்போம். அந்த வக்தில் நம்மை நாமே கேட்போம். இன்று எவரிடம் முகம் திருப்பினேன்? ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்றும், இருவரில் முந்தி ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்க, மூன்றாவது நாள் எனக்கு எப்போது கடந்தது? வேலையாளின் கூலி வியர்வை காயுமுன் போய்ச் சேர்ந்ததா? எங்கள் டேனரியின் கழிவுநீர் பக்கத்து விவசாயியின் கிணற்றைக் கெடுத்ததா? அவர் எந்த மதத்தவராயினும் அல்லாஹ்வின் படைப்பல்லவா? மருமகளைப் பற்றி மாமியாரும், மாமியாரைப் பற்றி மருமகளும் இன்று பேசியதில் மன்னிக்க வேண்டியது எது? வாசலில் கிடக்கும் குப்பையோடு பக்கத்து வாசலையும் சேர்த்துக் கூட்டினால் என்ன குறைந்துவிடும்? பிள்ளைகள் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். நாம் அன்றாடம் எதைச் செய்கிறோமோ, அதைத்தான் கோபம் வந்த நாளில் அவர்கள் செய்வார்கள்.

ஒரே ஸஃப்பில் அமர்ந்திருக்கும் அந்த அண்ணன் தம்பிக்கும் பெரிய சமரசக் கூட்டம் தேவையில்லை. தொழுகையில் சொன்ன அதே ஸலாமை, செருப்பு மாட்டும் இடத்தில் இன்னொரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும். மறுநாள் ஃபஜ்ரில் மறுபடியும். பதில் வராவிட்டாலும் லுஹரில் மறுபடியும்.

ஸலாம் என்ற திருநாமத்துக்குரிய ரஹ்மான் நம் இல்லங்களிலும், மஹல்லாக்களிலும், ஊர்களிலும் அமைதியை அன்றாட அமலாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.